சித்திரைத் திருநாள் நிலையத்து இருதய வால்வு

திருவனந்தபுரம் என்றதும் நம்மவர்க்கு அனந்தசயனப் பெருமாள் நினைவுக்கு வருவார். கரமனையும் சாலைக் கடைத்தெருவும் நினைவுக்கு வரும். நெல்லை, குமரி மாவட்டங்களில் உற்றார் உறவினரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கோ, இருதய நோயாளி ஒருவரை இரயிலேற்றி 'ஸ்ரீ சித்திரா'வுக்கு அழைத்துச் சென்ற கவலை மிகுந்த நாளும் நினைவுக்கு வரக்கூடும்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973-ல் வழங்கிய கட்டடத்திலிருந்து வளர்ந்தது அந்நிலையம். அதை உருவாக்கும் பொறுப்பு ரணசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தானிடம் ஒப்படைக்கப்பட்டது. 1980-ல் பாராளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக்கிற்று.

அக்காலத்தில் நம் நாட்டு மருத்துவர்களை வாட்டிய நோய் வாதக் காய்ச்சல். இளம்பருவத்தில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டுகளை வீங்கச் செய்து, இறுதியில் இருதய வால்வைச் சிதைத்துவிடும். ஏழைக் குடிசைகளே அதன் இருப்பிடம். சிதைந்த வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தும் வித்தை நம் மருத்துவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் வால்வோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதன் விலை ஏழைக்கு எட்டாது. கையில் தொழில் இருந்தும் கருவி இல்லாத நிலையைவிடக் கொடியது மருத்துவனுக்கு வேறென்ன?

ஆகவே வால்வை இங்கேயே செய்யத் துணிந்தார்கள். பூஜப்புரையில், பழைய சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில், பொறியியலாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் முதலியோர் வலியத்தானுடன் கூடி உழைத்தனர். வட்டச் சட்டத்தினுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தகடு, அவ்வளவுதான் வால்வு. சொல்ல எளிது! இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது; ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை தடவையும் தகடு தவறாது அசைய வேண்டும். இரத்தம் அதில் உறையவும் கூடாது. டைட்டானியத்தில் சட்டம் செய்து பார்த்தார்கள்; செயற்கை நீலக்கல்லில் தகடு செய்து பார்த்தார்கள். பல்லாண்டு உழைப்பில் உருவான மூன்று மாதிரிகளைத் தாமே கைவிட்டார்கள். பணமும் காலமும் செலவான பிறகு, 'இது போதாது' என்று தம் படைப்பையே தள்ளிய அந்த நேர்மையை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

நான்காவது மாதிரியில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகச் சட்டம். உயர்ரகப் பாலிஎதிலீன் தகடு. இருதயத்தோடு தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். செம்மறி ஆடுகளில் சோதித்துத் தேறிய பின்னர், 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தில் அது பொருத்தப்பட்டது.

பின்னர் உற்பத்தியை ஏற்றது, சென்னையைத் தாயகமாகக் கொண்ட டி.டி.கே. நிறுவனம், அதனால் வால்வுக்கும் 'டி.டி.கே. சித்ரா' என்றே பெயர் வழங்கலாயிற்று. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவ்வால்வைத் தாங்கியவர்கள் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் செல்வோர் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.