கெப் கடற்கரையில் நண்டும் மிளகும்

கம்போடியாவின் தென்கரையில் உள்ள கெப் என்ற சிறுநகரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1908 இல் உல்லாசக் கடற்கரையாக அமைத்தார்கள். 1953 இல் நாடு சுதந்திரம் பெற்றபின், சிஹானூக்கின் காலத்தில் நொம்பென் நகரச் செல்வந்தர்கள் இங்கு மாளிகைகள் எழுப்பினார்கள். சிஹானூக்கும் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். இன்று அவற்றுள் பல கூரையிழந்து, கொடிகள் படர்ந்து நிற்கின்றன.

இடிபாடுகளைப் பார்த்துவிட்டுக் கரையோர நண்டுச் சந்தைக்குச் சென்றேன். பெண்கள் பிரப்பங் கூடைகளில் நண்டுகளை உயிரோடு கடலுக்குள்ளேயே அமிழ்த்தி வைத்திருக்கிறார்கள். வாங்க ஆள் வந்ததும் கூடையை இழுத்து, நிறுத்து, அருகிலேயே சமைத்தும் தருகிறார்கள். பச்சை மிளகுக் கொத்துகளோடு வதக்கிய நண்டு, வெள்ளைச் சோறு, எலுமிச்சைச் சாற்றில் உப்பும் மிளகுத்தூளும் கலந்த தொடுகறி. சில டொலர்களே செலவு. வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது.

ஆயினும் இந்த மலிவான உணவுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் தனிக் குடும்பச் சமையல் தடுக்கப்பட்டது. மக்கள் கூட்டு உணவுக் கூடங்களில் நீர்த்த கஞ்சி குடித்தார்கள். பசி தாங்காது தாமாகவே நண்டோ தவளையோ பிடித்து உண்பதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பட்டினி, நோய், கொலை ஆகியவற்றால் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் மாண்டனர். ஆட்சி கவிழ்ந்த பின்னரும் பஞ்சம் தொடர்ந்தது. மாளிகைகளின் இரும்பையும் ஓட்டையும் பெயர்த்து விற்று மக்கள் அரிசி வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. எனவே அந்தச் சுவர்களின் சிதைவைப் போரின் வடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது பசியின் வடுவுமாகும்.

மிளகுக்கும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி கம்போடியாவுக்குப் புதியதன்று. 1296 இல் அங்கோர் வந்த சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சூ தாகுவான் தம் குறிப்புகளில் இதைக் கூறியுள்ளார். 19 ஆம் நூற்றாண்டில் ஹைனான் சீனர்கள் கெப்புக்கு அயலில் உள்ள கம்பொட்டில் பெருந்தோட்டங்களை வளர்த்தார்கள். நெல்லே எல்லாம் என்ற பொல் பொட்டின் கொள்கையால் அவை அழிந்தன. எஞ்சிய விவசாயிகள் மெல்ல மெல்ல மீட்டெடுத்ததன் பயனாக, கம்பொட் மிளகு 2010 இல் உள்நாட்டிலும் 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது.

வார இறுதிகளில் நொம்பென்னிலிருந்து வரும் குடும்பங்கள் கெப்பின் கரையோரக் குடில்களில் பாய் விரித்து, நண்டை நடுவில் வைத்து, பிள்ளைகளுக்கு உடைத்து ஊட்டுகின்றன. பெற்றோர் தம் பிள்ளைக்குத் தம் கையால் உணவளிப்பதை ஓர் அரசு தடுத்திருந்த நாடு இது என்பதை அறிந்தவர்களுக்கு, அக்காட்சியின் பெறுமதி நன்கு விளங்கும்.