தவறணையும் கடிகாரமும்

மதுவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றாத அரசைச் சரித்திரத்திலே காண்பது அரிது. வரியை உயர்த்திப் பார்த்த அரசுகள் உண்டு. முற்றாகத் தடைசெய்து பார்த்த அரசுகள் உண்டு. விற்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்த அரசுகளும் உண்டு. கடைசியாகக் கூறிய வழியை முதலாவது உலக யுத்த காலத்திலே இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் ஏறக்குறைய ஒரே சமயத்திற் கைக்கொண்டன. இரு நாட்டவரும் ஒரு முடியின் கீழ் வாழ்ந்தவர்கள். பேசிய மொழியும் ஒன்று. தவறணைகளிலே பெரிதும் அருந்திய பானமும் பியர் ஒன்றே. ஆயினும், விளைவு ஒன்றாக அமையவில்லை. அதன் காரணத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

யுத்தத்துக்கு முன்னர் இலண்டன் மாநகரத் தவறணைகள் அதிகாலை ஐந்து மணிக்குத் திறக்கப்பட்டு நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணி வரையில் நடைபெற்றன. வேலைக்குப் போகும் வழியிலே குடித்துவிட்டுச் செல்லும் தொழிலாளரும் இருந்தனர். 1914ஆம் ஆண்டு யுத்தம் மூண்டதும், வெடிகுண்டுத் தொழிற்சாலைகளிலே வேலை தடைப்படுவதற்குக் குடியே காரணம் என்ற குரல் எழுந்தது. நாட்டின் பகைவர்களுள் மதுவே தலையாயது என்னும் கருத்துப்பட, அமைச்சர் லொயிட் ஜோர்ஜ் மேடையிற் பேசினார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1915இல், யுத்தம் முடியும் வரை மது அருந்துவதில்லை எனத் தாமே விரதம் பூண்டார். அதே ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கட்டுப்பாட்டுச் சபை, தன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலே மது விற்கும் நேரத்தை நண்பகலில் இரண்டரை மணித்தியாலமும் மாலையில் இரண்டரை மணித்தியாலமுமாகச் சுருக்கியது. பிற்பகலிலும், இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் கதவுகள் அடைபட்டன. ஒருவர் மற்றவருக்கு மது வாங்கிக் கொடுத்தலும் பல இடங்களிலே குற்றமாக்கப்பட்டது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிவெறிக்காகத் தண்டிக்கப்பட்டோர் தொகை 1914இல் ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. 1918இல் அது முப்பதினாயிரத்துக்கும் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் கடிகாரத்தின் கணக்கில் எழுதுதல் நேர்மையாகாது. இளைஞர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தனர், பியரின் காரம் குறைக்கப்பட்டது, விலையும் ஏறியது. எனினும், மாலைப் போசனம் முடித்து, ஆறுதலாக அமர்ந்து பேசிக்கொண்டே ஒரு குவளை பியர் அருந்துவதற்கு அச்சட்டம் இடம் வைத்திருந்தது என்பதை மறத்தல் ஆகாது. பிற்பகலிலே தவறணையை அடைக்கும் வழக்கம், யுத்தம் ஓய்ந்து எழுபது ஆண்டுகள் ஆகும்வரை நிலைத்து, 1988இலேதான் நீக்கப்பட்டது.

இனி, அவுஸ்திரேலியாவை நோக்குவோம். அந்நாட்டிலே தவறணைக்கு ஹோட்டல் என்பதே வழக்குப் பெயர். 1916ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பயிற்சி முகாமிலிருந்த படைவீரர் பலர் முகாமை விட்டு வெளியேறி, மதுபானக் கடைகளைச் சூறையாடிச் சிட்னி நகரிலே கலகம் விளைத்தனர். புகையிரத நிலையத்திலே ஒரு படைவீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் நடந்த வாக்கெடுப்பிலே நியூ சவுத் வேல்ஸ் மக்கள், ஹோட்டல்களை மாலை ஆறு மணிக்கே மூடவேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். தென் அவுஸ்திரேலியா, விக்டோரியா, தஸ்மேனியா ஆகியனவும் அவ்வாண்டிலேயே இவ்விதியை நடைமுறைக்குக் கொணர்ந்தன. மறுவருடம் நியூசிலாந்தும் பின்தொடர்ந்தது. ஆறு மணிக்குக் கடை அடைத்தால் கணவன் இராப்போசனத்துக்கு வீடு திரும்புவான், சம்பளப் பணமும் வீடு வந்து சேரும் என்பதே மதுவிலக்குக்காக உழைத்த மாதர் சங்கங்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் குறைகூற எவராலும் இயலாது.

ஆனால், தொழிலாளர் வேலை முடிந்து வெளிவரும் நேரம் மாலை ஐந்து மணி. ஆறு மணிக்குக் கதவு அடைபடும். இடையிலுள்ளது ஒரேயொரு மணித்தியாலம். முன்னர் ஓர் இரவு முழுவதும் பரவிக் கிடந்த குடி, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடைக்கப்பட்டது. நின்றபடியே, முண்டியடித்து, அடுத்த குவளை கிடைக்குமோ கிடையாதோ என்ற பதற்றத்துடன் மக்கள் குடித்தனர். கடைக்காரரும் அதற்கேற்பக் கடையை மாற்றியமைத்தனர். இருக்கைகளும் பிலியட் மேசைகளும் அகற்றப்பட்டன. பரிமாறும் மேடைகள் நீட்டப்பட்டன. கழுவுவதற்கு வசதியாகச் சுவர்களில் ஓடு பதிக்கப்பட்டது. நீண்ட குழாயொன்றைக் கையிற் பிடித்தவாறே பணியாளர் குவளைகளை நிரப்பினர். கணவன் வீடு திரும்பினான் என்பது உண்மை. ஆயின், ஆறரை மணிக்கே வெறியேறித் திரும்பினான். எந்த மனைவி மக்களின் நலங்கருதிச் சட்டம் எழுந்ததோ, அவர்களே அதன் விளைவைச் சுமந்தனர்.

இந்நிலை விரைவில் மாறவில்லை. தஸ்மேனியா 1937இலேயே இவ்விதியைக் கைவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மக்களோ 1947இல் நடந்த வாக்கெடுப்பிலும் ஆறு மணியையே ஆதரித்தனர். நீதிபதி மக்ஸ்வெல் தலைமையிலான அரச ஆணைக்குழு மதுக்கடைகளின் சீர்கேட்டை விசாரித்து வெளிப்படுத்திய பின்னர், 1954இல் மிகச் சிறிய பெரும்பான்மையால் மக்கள் மனம் மாறினர். 1955 முதல் இரவு பத்து மணி வரை விற்பனை அனுமதிக்கப்பட்டது. விக்டோரியா 1966இலும், தென் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1967இலும் ஆறு மணி விதியை நீக்கின. ஓர் அவசர காலத்துச் சட்டம் அரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்டது.

நேரத்தைத் தொடாமல், குடிக்கும் இடத்தின் இயல்பையே உருவாக்கிய சட்டம் ஒன்றும் உண்டு. அது ஜேர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவில் எழுந்தது. வெப்பம் பியரைக் கெடுக்குமாதலால், அந்நாட்டிலே கோடை காலத்திற் பியர் காய்ச்சுதல் 1553 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே, கோடைக்கு வேண்டிய பியரை முன்னரே காய்ச்சி நிலவறைகளிற் சேமித்தனர். நிலவறைக்கு மேலே நிழல் தரும் மரங்களை நட்டனர். மியூனிக் நகர மக்கள் அந்நிழலிலேயே அமர்ந்து பியர் அருந்தத் தொடங்கியதும், உணவுச்சாலை நடத்துவோர் தம் வியாபாரம் கெடுகிறதென முறையிட்டனர். 1812இல் மன்னர் மக்சிமிலியன் யோசேப்பு இரு சாராருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு வழங்கினார். பியர் காய்ச்சுவோர் தம் நிலவறையிடத்தே பியரும் ரொட்டியும் விற்கலாம். வேறு உணவு விற்றலாகாது என்பதே அது. அதனால் மக்கள் வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு வந்து, நீண்ட மேசைகளில் அயலாரோடு அமரலாயினர். விருந்தினர் தம் உணவைத் தாமே கொண்டுவருதல் பியர்த் தோட்டத்தின் இலக்கணங்களுள் ஒன்றென 1999ஆம் ஆண்டுப் பவேரிய அரசின் விதியும் ஏற்றுக்கொண்டது. பவேரியர் குறைவாகக் குடிப்பவர் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், பிள்ளைகளின் கண்முன்னே, உணவோடு, அமர்ந்து குடிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

குடியைக் குறைக்க எண்ணிய சட்டம் ஒரு நாட்டிலே குடியின் கோலத்தைக் கெடுத்தது. வியாபாரப் பிணக்கைத் தீர்க்க எழுந்த சட்டம் வேறொரு நாட்டிலே அக்கோலத்தைத் திருத்தியது. ஆகவே, சட்டம் இயற்றுவோர் கடை அடைக்கும் நேரத்தை மட்டும் ஆராய்தல் போதாது. தொழிலாளி எத்தனை மணிக்கு வேலை முடித்து வருகிறான், எங்கே அமர்கிறான், எதனை உண்கிறான், யாருடன் இருக்கிறான் என்பவற்றையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். அவற்றை ஆராயாது அடைத்த கதவின் பயனை, அவுஸ்திரேலியக் குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகள் அனுபவித்தன.