இல்லாத காலில் வரும் வலி: கால் இழந்தோரும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவை

"தம்பி, இல்லாத காலின்ர பெருவிரல் நோகுது. ஆரிட்டயும் சொன்னா விசரெண்டு நினைப்பினம்."

வன்னியில் இயன்மருத்துவராக நான் வேலை தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு ஐயா என்னிடம் இப்படிச் சொன்னார். 2009 இல் எறிகணை வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மழைக்காலத்தில் அந்த வலி கூடும், இரவில் நித்திரை வராது. வருடக்கணக்காக மனைவியிடம்கூட அதை முழுமையாகச் சொல்லவில்லை. ஒருமுறை வைத்தியர் ஒருவரிடம் சொன்னபோது, "அது உங்கட மனப்பிரமை" என்ற பதிலோடும் ஒரு பனடோல் அட்டையோடும் திரும்பி வந்திருக்கிறார்.

அது மனப்பிரமை அல்ல. அவரைப் போல மௌனமாக வலியைச் சுமப்பவர்கள் எங்கள் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இது என்ன வலி?

அகற்றப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வும், அந்த இடத்தில் எரிவு, குத்து, மின்சாரம் பாய்வது போன்ற வேதனையும் ஏற்படுவதை மாய உறுப்பு வலி என்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமடைந்தவர்களைப் பராமரித்த வைத்தியர் சைலஸ் வேயர் மிற்செல் 1871 இல் இந்தப் பெயரை வைத்தார். உறுப்பை இழந்த பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை இந்த வலியை ஏதோ ஒரு அளவில் அனுபவிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது இது வராதவர்களை விட வருபவர்களே அதிகம்.

வெட்டப்பட்ட நரம்பின் நுனி சில வேளைகளில் சிறு முடிச்சாக வளர்ந்து, காரணமில்லாமல் சமிக்ஞைகளை அனுப்புகிறது. முண்ணாண் அந்தச் சமிக்ஞைகளைப் பெருப்பிக்கிறது. மூளையோ அவை பழைய காலிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்கிறது.

காலை இழந்த பின் மூளையில் அதற்குரிய இடத்தை அயற்பகுதிகள் பிடித்துக்கொள்கின்றன, அதனாலேயே வலி வருகிறது என்றுதான் நீண்ட காலம் நம்பப்பட்டது. 2025 இல் வெளியான ஆய்வொன்று மூவரை, கை அகற்றப்படுவதற்கு முன்பும் பின்னர் ஐந்து ஆண்டுகள் வரையும் மூளை ஸ்கானில் தொடர்ந்து பார்த்தது. இழந்த கைக்குரிய வரைபடம் மூளையில் பெரிதாக மாறாமலேயே இருந்தது. ஆகவே நரம்பு நுனிகளைச் சத்திரசிகிச்சையின்போதே கவனமாகக் கையாள வேண்டும் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது.

கண்ணாடிச் சிகிச்சை

தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவின் சான் டியாகோவில் பணிபுரிந்த நரம்பியலாளர் வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில் ஒரு எளிய வழியைக் கண்டார். இருக்கும் உறுப்பின் விம்பத்தைக் கண்ணாடியில் காட்டினால், இழந்த உறுப்பு அசைவது போல மூளைக்குத் தெரியும். பலருக்கு இறுகிக் கிடந்த மாய உறுப்பு தளர்ந்தது.

2007 இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில், கால் இழந்தவர்களிடம் இது நான்கு வாரங்கள் பரிசோதிக்கப்பட்டது. கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கம்போடியாவிலிருந்து வந்தது. மிதிவெடியில் கால் இழந்த 45 பேருக்குக் கண்ணாடிப் பயிற்சி, முண்டக்காலைத் தொட்டுத் தேய்க்கும் பயிற்சி, இரண்டும் சேர்ந்த பயிற்சி என மூன்று விதமாக நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். மூன்று குழுவிலும் வலி பாதிக்கு மேல் குறைந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதங்களின் பின்னரும் அந்தப் பலன் நீடித்தது. ஆய்வு வெளியானது 2018 இல்.

இவை சிறிய ஆய்வுகள். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை, எல்லோருக்கும் இது பலன் தரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேவைப்படுவது ஒரு நீளக் கண்ணாடி மட்டுமே.

செய்யும் முறை

• கால்களை நீட்டி இருங்கள். இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நெடுக்காக நிறுத்துங்கள். முகப்பு நல்ல காலைப் பார்க்க வேண்டும், முண்டக்கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும்.
• கண்ணாடியைப் பார்த்தபடி நல்ல பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், விரல்களை மடக்கி விரியுங்கள். இல்லாத காலையும் அதேபோல அசைப்பதாக எண்ணுங்கள்.
• நாளொன்றுக்கு 15 நிமிடங்கள், குறைந்தது நான்கு வாரங்கள்.
• முடிந்ததும் முண்டக்காலை மெதுவான துணியாலும் கையாலும் சில நிமிடங்கள் தேய்த்துவிடுங்கள். தோலில் புண் இருந்தால் இதைத் தவிருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியில் "இரண்டு கால்" தெரியும் கணத்தில் சிலர் அழுதுவிடுவார்கள். 2007 ஆய்விலும் இது நடந்தது. முதல் நாள் தனியாகச் செய்யாமல் நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். தலைசுற்றினால் அல்லது வலி கூடினால் நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்குக் கண்ணாடி பொருந்தாது. இன்னொருவர் தன் கால்களை அசைப்பதைப் பார்த்தபடி மனதில் அதேபோல அசைப்பது அவர்களுக்கு உதவலாம் என 2014 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மருந்தும் சத்திரசிகிச்சையும்

கபாபென்ரின், அமித்ரிப்ரிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன, சிலருக்கு உதவுவதில்லை. வைத்தியரின் ஆலோசனையின்றி இவற்றைத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது. வெட்டப்பட்ட நரம்பு நுனியை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைக்கும் சத்திரசிகிச்சையும் இப்போது வந்துள்ளது. 28 பேரிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவதாக இருந்தது. எனினும் இதற்கு விசேட பயிற்சி பெற்ற நிபுணர்கள் தேவை.

எல்லா வலியும் மாய வலி அல்ல

முண்டக்காலிலேயே ஓரிடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பொருந்தாத செயற்கைக் கால், நரம்பு முடிச்சு, எலும்பு வளர்ச்சி, உள்ளே தங்கிய எறிகணைத் துண்டு என்பனவும் காரணமாகலாம். உடலில் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சலரோகம் உள்ளவர்கள் மிஞ்சியிருக்கும் காலையும் தினமும் பார்க்க வேண்டும்.

கேட்பது சலுகை அல்ல

இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பாதிக்கப்பட்டோரின் பராமரிப்பும் புனர்வாழ்வும் அந்த உடன்படிக்கையிலேயே சொல்லப்பட்டவை. புனர்வாழ்வுச் சிகிச்சையைச் சாதாரண சுகாதார சேவையின் பகுதியாக்க வேண்டுமென 2023 இல் உலக சுகாதார சபையும் தீர்மானித்தது. ஆகவே செயற்கைக் கால் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அடுத்த கிளினிக்கில், "எனக்கு இல்லாத காலில் வலி இருக்கிறது, அதற்குச் சிகிச்சை வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லி, அதைக் கிளினிக் கொப்பியில் எழுதும்படி கேளுங்கள். எழுதப்படாத வலிக்கு ஆளணியும் வராது, மருந்தும் வராது.

அந்த ஐயாவின் வலி முழுதாகப் போகவில்லை. ஐந்தாவது வாரத்தில், கிழமையில் நாலு இரவு நித்திரை வருகிறது என்றார். கண்ணாடியைப் பிடிப்பது இப்போது அவருடைய மனைவி.