கையை உடைத்த நெம்புகோல் - பழைய கார்களின் இக்னிஷன் டைமிங்

பழைய பாயிண்ட் செட் பைக்கை உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் நம் அப்பாக்கள் பலருக்கு இருக்கும். அதே அடி நூறு வருடத்துக்கு முன் கார் ஓட்டியவர்களுக்குக் கையில் விழுந்தது. அது கொஞ்சம் பெரிய அடி. மருத்துவப் புத்தகத்தில் அந்த எலும்பு முறிவுக்கு இன்றும் "ஷோஃபர்ஸ் ஃபிராக்சர்" என்றுதான் பெயர். அதாவது, கார் ஓட்டுநரின் முறிவு! மணிக்கட்டில், பெருவிரல் பக்கத்து எலும்பு முனை உடைவது. ஏன் உடைந்தது? டைமிங் தப்பியதால்.

முதலில் டைமிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஸ்பார்க் விழுந்தவுடன் பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடித்துவிடாது. தீ பரவ நேரம் வேண்டும். ஒரு கணக்குக்கு அது 3 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அந்த நேரத்தில் கிராங்க் 27 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே ஸ்பார்க் கொடுத்தாக வேண்டும். இதுதான் அட்வான்ஸ். ஆனால் கையால் ஹேண்டில் சுற்றும்போது வேகம் 50 ஆர்.பி.எம். இருந்தால் அதிகம். அதே 3 மில்லிசெகண்டில் கிராங்க் ஒரு டிகிரி கூடத் திரும்பாது. அப்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுத்தால்? ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும், கிராங்க் பின்பக்கமாகச் சுற்றும், ஹேண்டில் நம் கையைத் தேடி வரும்!

ஆக, ஸ்டார்ட் செய்ய ஒரு டைமிங், ஓட்ட வேறு டைமிங். மாற்றுவது யார்? அந்தக் காலத்தில் ஓட்டுநர்தான்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி தயாரான ஃபோர்டு டி மாடலை எடுத்துக்கொள்வோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள். வலது பக்கம் இருப்பது த்ராட்டில். இடது பக்கம் இருப்பது ஸ்பார்க். அதை முழுக்க மேலே தள்ளினால் ஸ்பார்க் தாமதம் (ரிடார்ட்), கீழே இழுத்தால் அட்வான்ஸ். எஞ்சினின் முன்பக்கம் "டைமர்" என்று ஒரு சுழல் சுவிட்ச். மரப்பெட்டிக்குள் நாலு காயில். டைமர் எந்த காயிலுக்கு மின்சாரம் கொடுக்கிறதோ அது "ஸ்ஸ்ஸ்" என்று ரீங்காரம் போடும், அந்த சிலிண்டரில் ஸ்பார்க் விழும்.

இதற்கு டைமிங் வைக்கும் முறை எளிது. நெம்புகோலை முழுக்க மேலே வைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முதல் சிலிண்டரின் காயில், பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி சுமார் 15 டிகிரி வந்த பிறகுதான் ரீங்காரம் போட வேண்டும். முன்னாடியே போட்டால் டைமருக்குப் போகும் கம்பியை வளைத்துச் சரி செய்வார்கள். ஆமாம், வளைத்துத்தான்! அந்தக் கம்பியின் வளைவில்தான் ஓட்டுநரின் மணிக்கட்டு இருந்தது.

ஹேண்டில் பிடிப்பதற்கும் முறை உண்டு. இடது கையால், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். பெருவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். திருப்பி அடித்தால் ஹேண்டில் விரல்களை விலக்கிக்கொண்டு போய்விடும், கை தப்பிக்கும்.

அடுத்து வந்த ஏ மாடலில் (1928-1931) இன்னும் துல்லியமான வழி. டைமிங் கியர் மூடியில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைக் கழற்றி, திருப்பி, உருண்டை முனையை உள்ளே விட்டு அழுத்திக்கொண்டே (இக்னிஷனை அணைத்துவிட்டுத்தான்!) எஞ்சினைச் சுற்ற வேண்டும். கேம் கியரில் உள்ள குழியில் "டக்" என்று உட்கார்ந்தால், முதல் பிஸ்டன் கம்ப்ரெஷனில் மேல் முனையில் இருக்கிறது என்று அர்த்தம். பாயிண்ட் இடைவெளியை சுமார் அரை மில்லிமீட்டருக்கு வைத்து, நெம்புகோலை முழுக்க ரிடார்டில் தள்ளி, பாயிண்ட் திறக்கப்போகும் அந்த நொடியில் டிஸ்ட்ரிபியூட்டர் கேமை இறுக்கினால் வேலை முடிந்தது. திருகை மறுபடி பழையபடி மாட்ட மறந்துவிடக் கூடாது!

சரி, இந்த நெம்புகோல் எங்கே போனது? இரண்டு கட்டமாகப் போனது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் காரில் வந்தது, ஹேண்டிலின் ஆபத்து குறையத் தொடங்கியது. டி மாடலுக்கு அது 1919-ல்தான் வந்தது. பிறகு வேகத்துக்கேற்பத் தானே விரியும் எடைகளை வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரே அட்வான்ஸ் செய்யத் தொடங்கியது. 1932-ல் வந்த ஃபோர்டு வி8-ல் ஸ்பார்க் நெம்புகோலே இல்லை. இன்று அந்த வேலையை ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் செய்கிறது.

இதில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். டி மாடல் வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். எஞ்சினியரிங் படிக்காத அவர்கள், சத்தத்தைக் கேட்டே நெம்புகோலை இழுத்தார்கள். மேட்டில் எஞ்சின் தட்டினால் கொஞ்சம் மேலே, சமதளத்தில் கீழே. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் "இக்னிஷன் அட்வான்ஸ்" அவர்களுக்குக் காதிலும் கையிலும் இருந்தது. தப்பாகப் படித்தால் நமக்கு மார்க் போகும். அவர்களுக்கு எலும்பு போனது.

நெம்புகோல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடிகிறதே, அது பெரிய விஷயம். ஆனால் அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது, அந்த ஒரு நொடிக்குள் என்னென்ன முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். அவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரு மனிதனின் இடது கையில் இருந்தவை!