அசம்பு மலைப் பறவைகளும் நம்மூர்க் குளங்களும்

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, "பாட்டா, பறவை பாக்கப் போவமா?" என்றாள். கல்லூரியில் பிடித்துக்கொண்ட ஆசை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரையும் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். காலையில் குளங்கள், மத்தியானத்துக்கு மேல் மலை என்று ஏற்பாடு.

முதலில் சுசீந்திரம் குளம். எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் இதைக் கடந்திருப்பேன்! இறங்கி நின்று பார்த்தது அன்றைக்குத்தான். பேத்தியின் பைனாகுலரில் முதலில் மஞ்சள்மூக்கு நாரைகள் தெரிந்தன. அப்புறம் தண்ணீர் நடுவே ஒரு வாத்துக் கூட்டம். "நம்ம தாராதானே?" என்றேன். "இல்ல பாட்டா, நீலச்சிறகி. சைபீரியா பக்கத்துல இருந்து இமயமலையத் தாண்டி வருது" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வருடமாக அது என் ஊருக்கு வந்து போகிறது. எனக்கு அதன் பெயர் தெரியாது.

இந்தக் குளங்களைப் பறவைக்காக யாரும் வெட்டவில்லை. பழையாற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் தேக்கி நெல் விளைவிக்க வெட்டியவை. 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்தபின் அந்தத் தண்ணீரும் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ. கும்பப்பூ நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் நாளில்தான் வடகிழக்கு மழையில் குளமும் பெருகும். வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும் அப்போதுதான். பகலில் குளத்தில் ஓய்வு, பிறகு வயலில் இரை. குளமும் வயலும் சேர்ந்தால்தான் அவற்றுக்கு ஒரு வீடு.

1971-இல் ஈரானிலுள்ள ராம்சர் நகரில் நாடுகள் கூடி, நீர்நிலைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. 2015-இல் பறவைகள் சரணாலயமான சுசீந்திரம்-தேரூர் குளங்கள் 2022-இல் அந்த ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பரப்பு சுமார் 94 ஹெக்டேர். அதே ஆண்டில் நம் வேம்பனூர்க் குளமும் சேர்ந்தது. அது 20 ஹெக்டேர்கூட இல்லை. சின்னக் குளத்துக்கு உலக மரியாதை!

அடுத்து தேரூர். கவிமணி 1876-இல் பிறந்த ஊர். அங்கே தாமரை இலைமேல் ஒரு பறவை விரல்களை விரித்து நடந்து போனது. பெயர் நீளவால் இலைக்கோழி. "வால் எங்க?" என்று நண்பர் கேட்டார். முட்டையிடும் காலத்தில்தான் அந்த நீண்ட வால் முளைக்குமாம், இப்போது இருக்காதாம்.

கரையில் இட்லியைப் பிரித்து வைத்தபோது பேத்தி கேட்டாள்: "பாட்டா, நம்ம வயலு எங்க இருந்திச்சு?" வேறொரு குளத்தின் கீழே எங்களுக்கு இருந்த வயலைப் பற்றிச் சொன்னேன். அவள் அப்பாவின் படிப்புக்காக விற்றது. இன்றைக்கு அங்கே மூன்று வீடுகள் நிற்கின்றன. மறுகால் பாய்ந்த ஓடை சிமெண்ட் சாக்கடையாகிவிட்டது. விற்றது தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீலச்சிறகி இரை தேடிய இடத்தில் நானும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

சாப்பிட்டுவிட்டு மலைக்குத் திரும்பினோம். வடசேரி அசம்பு ரோடு நமக்கெல்லாம் தெரியும். அசம்பு என்றால் என்னவென்று பேத்தி கேட்டாள். நம் வடக்கே நிற்கும் மலைத் தொடரின் பெயர். 1860-களில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்ட மலை. 1880-இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியல் அறிஞர் இங்குள்ள சிரிப்பான் என்ற பறவையைத் தனியாக விவரித்து அறிவியல் பெயரிட்டார். பிற்பாடு திருவிதாங்கூர்ச் சிரிப்பான் எனப்பட்ட அது, இன்று அசம்பு சிரிப்பான்.

1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அவர் தங்கி ஆய்வு செய்த இடங்களில் பாலமோரும், ஆரல்வாய்மொழியும், கன்னியாகுமரியும் உண்டு. அந்த உழைப்பிலிருந்து பிறந்த திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் பற்றிய நூல் 1953-இல் வெளிவந்தது. மூன்றே வருடத்தில், 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டோம். நூலின் அடுத்த பதிப்பு 1969-இல் கேரளப் பறவைகள் என்ற பெயரில் வந்தது. எல்லைக்கோடு நமக்குத்தான், பறவைக்கு ஏது?

2017-இல் இன்னொரு செய்தி. உயரமான சோலைக் காடுகளில் வாழும் ஒரு நீலக் குருவி தனி இனம் என்று மரபணு ஆய்வில் தெரிந்து, அதற்கு அசம்பு சோலைக்கிளி என்று பெயர் வைத்தார்கள். கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். மலையாளத்தில் சிறு பறவையெல்லாம் கிளிதான் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை வரை போனோம். அந்த இரண்டு பறவைகளையும் பார்க்கவில்லை. அவை இருப்பது இன்னும் உயரத்தில். ஆற்றோரப் பாறையில் சீகாரப் பூங்குருவி ஒன்று சீழ்க்கையடித்தது. அது போதும் என்று இருந்தது. மலையை மேகம் மூடியதும் திரும்பினோம்.

பிளான்ஃபோர்டும் சாலிம் அலியும் வெளியூர்க்காரர்கள். வந்தார்கள், பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். குளத்தங்கரையிலேயே பிறந்த நாம் ஒரு வரி எழுதவில்லை. அன்று இரவு ஒரு பழைய டைரியில் தேதி போட்டு, பார்த்த பறவைகளைப் பேத்தி சொல்லச் சொல்ல எழுதினேன். இருபத்து மூன்று வந்தது. உங்கள் ஊர்க் குளத்தில் ஐப்பசி, கார்த்திகையில் என்னென்ன வந்து இறங்கும், உங்கள் அப்பாவும் பாட்டாவும் அவற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நினைவிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.