பெட்ரூம் அழகா இருந்தா மட்டும் போதுமா... தூக்கம் வரணுமே!

இன்ஸ்டாவில் `பெட்ரூம் மேக்ஓவர்' என்று தேடினால் ரீல்ஸ் கொட்டுகிறது. சுவரைச் சுற்றி ஃபேரி லைட்ஸ், கட்டில் மேல் எட்டு தலையணை, மூலைக்கு மூலை செடி. பார்க்க செமயா இருக்கு. ஆனால், நம்ம ஊர் வாடகை வீட்டின் 10-க்கு 10 அறையில் அதையெல்லாம் வாங்கி அடுக்கினால் என்ன ஆகும்? தூங்குவதற்கு முன் ஏழு தலையணையை எடுத்துவைக்க இடம் தேட வேண்டும்.

பெட்ரூம் என்பது கண்ணை மூடுவதற்கான அறை. அதனால், எதில் முதலில் கைவைப்பது என்ற வரிசை முக்கியம். முதலில் வெளிச்சம், அடுத்து வெக்கை, பிறகு கட்டிலும் துணியும், அழகுப் பொருள்கள் கடைசியில். இந்த வரிசையில் போனால் பட்ஜெட்டும் கையைக் கடிக்காது. ஸ்டைலும் தானாக வந்துவிடும்.

வெளிச்சம்: பல்பை மாத்துங்க பாஸ்!

அறையின் மூடை மாற்ற மிகவும் மலிவான வழி, பல்பை மாற்றுவதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் ஹாலில் இருக்கும் அதே வெள்ளை டியூப்லைட்தான் பெட்ரூமிலும் இருக்கும். எல்.இ.டி பல்பின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். 6,500 கெல்வின் என்று இருந்தால் பளீர் வெள்ளை. படிக்க, சமைக்க ஓகே. 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருந்தால் இளமஞ்சள். கடையில் `வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள்.

காரணம் இதுதான். நீலம் கலந்த பளீர் வெளிச்சம், தூக்கத்துக்கு நம்மைத் தயார்படுத்தும் மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கும். மொபைல் ஸ்க்ரீனும் இதே வேலையைத்தான் செய்கிறது.

டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். துணி மடிக்க, அறையைப் பெருக்க அது வேண்டும். கூடவே கட்டில் அருகே வார்ம் ஒயிட் பல்பு போட்ட ஒரு டேபிள் லேம்ப் வையுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அது மட்டும் எரியட்டும். ஸ்விட்ச், படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் இருப்பது முக்கியம். லைட்டை அணைக்க எழுந்து நடந்தால் வந்த தூக்கமும் போயிடும்.

திரைச்சீலை: தெருவிளக்கு உள்ளே வரக் கூடாது

இருட்டு இல்லாத அறையில் எவ்வளவு நல்ல மெத்தை போட்டாலும் வேஸ்ட். ஜன்னலுக்கு லைனிங் வைத்த கெட்டியான திரைச்சீலை போடுங்கள். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலே, இரண்டு பக்கமும் அரை அடி தள்ளி மாட்டினால் ஓரத்தில் வெளிச்சம் கசியாது. கூரை உயரமாக இருப்பது போலவும் தெரியும். ஒரே செலவில் இரண்டு லாபம்!

``ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாரே...'' என்கிறீர்களா? ஸ்பிரிங் வைத்த டென்ஷன் ராடு கிடைக்கிறது. ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே இறுக்கி நிற்கும், சுவரில் ஓட்டை வேண்டாம்.

வெக்கை: நம்ம ஊரின் உண்மையான வில்லன்

வெளிநாட்டு டிசைன் வீடியோக்களில் இந்தப் பகுதியே இருக்காது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையும், மேற்கு பார்த்த சுவரும் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, ராத்திரி அறைக்குள் கக்கும். இரண்டு அறைகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம் என்றால், மேற்குச் சுவர் இல்லாத அறையை பெட்ரூம் ஆக்குங்கள். ஒரே அறைதான் என்றால், தலைமாட்டையாவது அந்தச் சுவரில் வைக்காதீர்கள். மதியமே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஜன்னலைத் திறங்கள். கொசு வரும் என்றால் வலை அடித்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் மாற்றும் திட்டம் இருந்தால் பி.எல்.டி.சி வகையைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில், இது 30 வாட் அளவில் ஓடும். சத்தமும் குறைவு. ஏ.சி இருந்தால் 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் ரேட்டிங் ஏ.சி-க்களின் ஆரம்ப அளவே 24 டிகிரிதான்.

கட்டில்: டேப் எடுத்து அளந்துட்டு வாங்குங்க

ஷோரூமில் பார்க்கும்போது எல்லா கட்டிலும் சின்னதாகத்தான் தெரியும். குயின் சைஸ் மெத்தை ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். கிங் சைஸ் ஆறடி அகலம். 10 அடி அறையின் நடுவில் குயின் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி கிடைக்கும். கிங் போட்டால் இரண்டடிதான். அந்தப் பக்கம் பீரோவும் வந்தால் கதவைத் திறக்கவே முடியாது. வாங்கும் முன் தரையில் செய்தித்தாளை அதே அளவுக்கு விரித்து, சுற்றி நடந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும் சுவர் என்றால், காற்றோட்டம் இல்லாத அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

துணி: ஸ்டைல் பக்கத்துலயே இருக்கு

பளபளக்கும் பாலியஸ்டர் சாட்டின் போட்டோவுக்கு அழகு. வியர்க்கும் உடம்புக்குக் காட்டன்தான். `ஆயிரம் த்ரெட் கவுன்ட்' என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 200 முதல் 400 வரை இருந்தாலே போதும், அதுதான் காற்றோட்டமாகவும் இருக்கும்.

இதற்கு ஆன்லைனில் ரொம்பத் தேடத் தேவையில்லை. சென்னிமலை பெட்ஷீட், கரூர் ஜவுளி, காலுக்கடியில் விரிக்க பவானி ஜமக்காளம், சுவரில் தொங்கவிட பத்தமடைப் பாய். வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் தரும் கெத்தை எந்த வால் ஸ்டிக்கரும் தராது.

கலர்: 60 - 30 - 10

உள் அலங்காரக்காரர்கள் சொல்லும் எளிய கணக்கு இது. அறையின் 60 சதவிகிதம் ஒரு மெல்லிய நிறம். இது பெரும்பாலும் சுவர். 30 சதவிகிதம் இரண்டாவது நிறம், திரைச்சீலையும் பெட்ஷீட்டும். மிச்சம் 10 சதவிகிதத்தில் உங்கள் இஷ்டத்துக்கு விளையாடலாம். குஷன், லேம்ப், ஒரு படம். பெயின்ட் அடிக்க முடியாத வாடகை வீட்டில், இருக்கும் சுவர் நிறத்தையே 60 ஆக வைத்துக்கொண்டு மற்றதைப் பொருத்துங்கள்.

செடி பிடிக்கும் என்றால் ஒன்றிரண்டு மணி பிளான்ட் வையுங்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால், அது அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பிப் பத்து தொட்டி வாங்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிடுவது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

கடைசியா... அந்த நாற்காலி!

துவைத்ததும் இல்லாமல் அழுக்கும் இல்லாமல், ஒரு தடவை போட்ட துணியெல்லாம் மலைபோல் குவியும் நாற்காலி எல்லா பெட்ரூமிலும் ஒன்று உண்டு. அதை வெளியேற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கி மாட்டுங்கள். மொபைல் சார்ஜரையும் கட்டிலில் இருந்து கை எட்டாத மூலைக்கு மாற்றுங்கள். இந்த இரண்டுக்கும் பெரிதாகச் செலவே இல்லை.

இதையெல்லாம் வாங்கக் கிளம்பும் முன் ஒரு சின்ன டெஸ்ட். இன்று ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா படுத்திருங்கள். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, எது சத்தம் போடுகிறது, முதுகு எங்கே கசகசக்கிறது என்று கவனியுங்கள். முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதை உங்கள் அறையே சொல்லிவிடும்.