ரப்பர்க் கட்டுப்பாடு யாரை வாழவைத்தது?

உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றினால் நாடு செழிக்குமென்போர் இன்றும் உளர். தோட்டத்துச் செக்ரோலோடு உழலும் கிராணியாகிய நாம் அவர்களுக்கு ரப்பரின் பழங்கதையை நினைவூட்ட விரும்புகிறோம்.

விலை வீழ்ந்து தோட்டங்கள் தத்தளித்த காலத்தில், 1922 நவம்பரில், பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டத்தை அமுலாக்கிற்று. 1920-ஆம் ஆண்டு உற்பத்தியை அடிப்படையாகக் கொண்டு, முதலில் நூற்றுக்கு 60 பங்கே ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்டது. மிஞ்சினால் கடும் வரி. 1925-இல் ராத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. துரைமார் முகத்தில் களிப்பு! ஆனால் அண்டையிலிருந்த டச்சுக்காரர் திட்டத்தில் சேரவேயில்லை. ஏறிய விலையைக் கண்ட சுமத்ரா, போர்னியோ குடியானவர்கள் ஏராளமாகப் பால்மரம் நட்டனர். அமெரிக்கரோ பழைய ரப்பரை உருக்கிப் புதுப்பிக்கலாயினர். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

அம்மரங்கள் பால் தரும் வேளையில் உலக வர்த்தக மந்தமும் சேர்ந்தது. மந்தமே பெருங்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் சுமையைக் கூட்டியவை அம்மரங்களே. 1932-இல் விலை இரண்டு பென்ஸளவிற்கு இறங்கிற்று. லண்டனில் தீட்டிய கணக்கிற்கு ஈடு கொடுத்தவர் யார்? கூலி குறைந்து, வேலையிழந்து, பதினாயிரக்கணக்கில் கப்பலேறித் தாயகம் திரும்பிய நம் தொழிலாளரே.

1934-இல் டச்சுக்காரரையும் சேர்த்து மறுபடி கட்டுப்பாடு பிறந்தது. இம்முறை புதிதாக மரம் நடுவதே தடுக்கப்பட்டது. இரண்டு ஏக்கரை நம்பியிருந்த சிறுதோட்டக்காரன் என் செய்வான்?